செங்டுவில் வாழ்ந்து கற்பிப்பது: முரண்படும் கருத்துகளை எடைபோடுதல்

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். டொராண்டோவில் பிறந்து, அங்கேயே ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்ற உங்களுக்கு, சீனாவின் சிச்சுவான் மாகாணத் தலைநகரான செங்டுவிலிருந்து இரண்டு வேலை வாய்ப்புகள் வந்திருக்கின்றன. தனியார் ஆங்கிலப் பயிற்சி நிலையம் ஒன்று மாதம் 18,000 யுவான் தருவதாகச் சொல்கிறது. பல்கலைக்கழகம் ஒன்று 9,000 யுவானும் வளாகத்துக்குள்ளேயே குடியிருப்பும் தருவதாகச் சொல்கிறது. அங்கே பணியாற்றியவர்கள் எழுதியவற்றைத் தேடிப் படித்தால், ஒருவர் தம் வாழ்நாளின் சிறந்த ஆண்டுகள் அவை என்கிறார். இன்னொருவர் பெட்டியைப் பிரிக்காமலேயே திரும்பிவிடுங்கள் என்கிறார். இருவரில் யாரை நம்புவது என்பது உங்கள் முதல் கேள்வி. மதுரையில் இருக்கும் உங்கள் அத்தை மகனுக்கும் இதே போன்ற வேலை கிடைக்கும் என்று ஒரு முகவர் சொல்வது உண்மையா என்பது இரண்டாவது கேள்வி.

செங்டுவில் ஒரு பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் கற்பித்தவன், பயிற்சி நிலையங்களில் வேலை பார்த்த பலரோடு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இருவருமே பெரும்பாலும் உண்மையைத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் நகரத்தைப் பற்றி எழுதுவதாக நினைத்துக்கொண்டு, தம்மை வேலைக்கு வைத்த நிறுவனத்தைப் பற்றியும், தாம் அங்கே இருந்த ஆண்டைப் பற்றியும், தம் கையில் இருந்த கடவுச்சீட்டைப் பற்றியும் எழுதியிருப்பார்கள். இந்த மூன்றையும் கழித்துவிட்டு மீதியைப் பார்த்தால் கருத்து வேறுபாடு வியக்கத்தக்க அளவுக்குச் சுருங்கிவிடும்.

ஆண்டிலிருந்து தொடங்குவோம். செங்டுவில் மெட்ரோ முதன்முதலாக 2010 செப்டம்பரில் ஒரே ஒரு தடத்தோடு ஓடத் தொடங்கியது. இன்று அதன் மொத்த நீளம் 600 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. குறைந்தபட்சக் கட்டணம் 2 யுவான். இது உங்களுக்கு ஏன் முக்கியம் என்றால், அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பலவற்றின் புதிய வளாகங்கள் நகர மையத்திலிருந்து வெகு தொலைவில், சிபு, வென்ஜியாங், ஷுவாங்லியு போன்ற புறப்பகுதிகளில் அமைந்தவை. வென்ஜியாங்குக்கு மெட்ரோ போய்ச் சேர்ந்தது 2017இல்தான். அதற்கு முன் அங்கே இருந்த ஓர் ஆசிரியர், வளாகம் ஒரு தீவு போலிருந்தது, மாலையில் நகரத்துக்குப் போய்த் திரும்புவதே பெரும்பாடு என்று எழுதியிருந்தால் அது அன்றைக்குச் சரி. இன்றைக்கு அந்தக் குறை அந்த அளவில் இல்லை. அதேபோல், அயல்நாட்டு வங்கி அட்டை எங்கும் செல்லுபடியாகவில்லை, கையில் ரொக்கம் வைத்திருந்தும் தேநீர் வாங்க முடியவில்லை என்ற புலம்பல்களை நிறையப் படித்திருப்பீர்கள். 2023 ஜூலை முதல், அங்கே எல்லோரும் பணம் செலுத்தப் பயன்படுத்தும் கைபேசிச் செயலிகளான அலிபே, வீசாட் பே இரண்டிலுமே அயல்நாட்டு அட்டைகளை இணைத்துக்கொள்ள முடிகிறது. வந்து இறங்கிய முதல் வாரத்தின் பெரிய தலைவலி ஒன்று அதோடு தீர்ந்தது.

காலக் கணக்கில் தனியாக வைத்துப் பார்க்க வேண்டியவை 2020 முதல் 2022 வரையிலான ஆண்டுகள். பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளின் கீழ் அங்கே இருந்தவர்களின் கசப்பு மிக ஆழமானது. அதற்கு நியாயமும் உண்டு. 2022 ஆகஸ்டில் கடும் வெப்பமும் வறட்சியும் சேர்ந்து நீர்மின்சாரத்தை நம்பியிருக்கும் சிச்சுவானில் மின்வெட்டைக் கொண்டுவந்தன. செப்டம்பர் 1ஆம் தேதி நகரம் முழுவதும் அடைக்கப்பட்டது. அந்த அடைப்பு நீடிக்கும்போதே செப்டம்பர் 5ஆம் தேதி அதே மாகாணத்தின் லுடிங் பகுதியில் 6.8 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டு, செங்டுவின் உயர்ந்த கட்டடங்களும் ஆடின. அதை அனுபவித்துவிட்டு ஊர் திரும்பியவர் நகரத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது. கட்டுப்பாடுகள் 2022 டிசம்பரில் தளர்த்தப்பட்டன. வெளிநாட்டிலிருந்து வருவோருக்கான தனிமைப்படுத்தல் 2023 ஜனவரி 8ஆம் தேதியோடு முடிவுக்கு வந்தது. அந்த ஆண்டுகளின் எழுத்தை நான் பொய் என்று ஒதுக்கச் சொல்லவில்லை. நெருக்கடி வந்தால் அந்த நிர்வாகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அன்றாட வாழ்க்கைக்கு அதை அளவுகோலாகக் கொள்ள முடியாது.

இனி நிறுவனம். என் கணிப்பில், உங்கள் முடிவில் பாதிக்கு மேல் எடை பெற வேண்டியது இதுதான்.

பயிற்சி நிலையங்களைப் பற்றிய உற்சாகமான கருத்துகளில் பெரும்பகுதி 2021 ஜூலைக்கு முந்தையது. அந்த மாதம் 24ஆம் தேதி சீன அரசு வெளியிட்ட, மாணவர்களின் வீட்டுப்பாடச் சுமையையும் பள்ளிக்கு வெளியிலான பயிற்சிச் சுமையையும் ஒருசேரக் குறைக்கும் கொள்கை, ஒன்று முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான பாடங்களில் லாப நோக்கோடு பயிற்சி நடத்துவதைத் தடை செய்தது. வார இறுதிகளிலும் விடுமுறைகளிலும் அந்தப் பாட வகுப்புகள் நடத்தக் கூடாது, பள்ளி வயதை எட்டாத குழந்தைகளுக்கு ஆங்கிலம் உள்ளிட்ட பாடப் பயிற்சி தரக் கூடாது, வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியர்களைக் கொண்டு இணையவழியில் குழந்தைகளுக்குக் கற்பிக்கக் கூடாது என்றும் அது சொன்னது. நாட்டின் மிகப் பெரிய பயிற்சி நிறுவனங்களில் ஒன்றான நியூ ஓரியண்டல் 60,000 பேரை வேலையிலிருந்து நீக்கியதாக அதன் நிறுவனர் யு மின்ஹாங் 2022 ஜனவரியில் வெளிப்படையாகச் சொன்னார். ஆங்கிலம் கற்பித்துப் பேர் வாங்கிய அந்த நிறுவனம் பிறகு நேரலையில் அரிசியும் பழமும் விற்கும் வணிகத்துக்கு மாறியது. ஒரு துறையே ஒரு கோடைக்குள் தலைகீழானதற்கு இதைவிட வெளிப்படையான அடையாளம் வேண்டியதில்லை.

அப்படியானால் உங்களுக்கு 18,000 யுவான் தருவதாகச் சொல்லும் நிலையம் எதைக் கற்பிக்கிறது? இந்தக் கேள்விக்குச் சில நேர்மையான விடைகள் உண்டு. பெரியவர்களுக்கான ஆங்கிலம், வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போகும் மாணவர்களுக்கான ஐஇஎல்டிஎஸ் போன்ற தேர்வுப் பயிற்சி ஆகியவை அந்தக் கொள்கையின் நேரடித் தடைக்குள் வருவதில்லை. நேர்மையற்ற விடைகளும் உண்டு. நாடகம், கலை, சிந்தனைத் திறன் என்று பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டு, உள்ளே ஆறு வயதுக் குழந்தைகளுக்குப் பழைய ஆங்கிலப் பாடத்தையே நடத்துகிற இடங்கள் அவை. அத்தகைய இடத்தில் ஆய்வு நடந்து கதவு மூடப்பட்டால், சம்பள பாக்கிக்காக நீங்கள் அலைய வேண்டியிருப்பதோடு, உங்கள் வேலை அனுமதியும் அந்த நிறுவனத்தின் பெயரோடு கட்டப்பட்டிருப்பதால் நாட்டில் தங்கும் உரிமையே கேள்விக்குள்ளாகும். இதோடு குழந்தைகளின் எண்ணிக்கையே குறைந்துவருவதையும் கணக்கில் கொள்ளுங்கள். 2016இல் சீனாவில் 1 கோடியே 78 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. 2023இல் சுமார் 90 லட்சம். 2022இல் சுமார் 2,89,000 ஆக இருந்த மழலையர் பள்ளிகள் 2023இல் சுமார் 2,74,000 ஆகக் குறைந்தன. குழந்தைகளை நம்பிய எந்த நிறுவனமும் இந்த இறக்கத்திலிருந்து தப்ப முடியாது. 2017இல் ஒருவர் ஒரே வாரத்தில் மூன்று வேலை வாய்ப்புகள் வந்தன என்று எழுதியதை இன்றைய நிலவரமாக எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவீர்கள்.

பயிற்சி நிலையத்தின் வேலை நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் ஓய்ந்திருக்கும் மாலைகளும் வார இறுதிகளுமே அங்கே உச்ச நேரம். உங்களுக்கு விடுமுறை திங்களும் செவ்வாயுமாக இருக்கும். வகுப்பு எடுப்பதோடு, புதிதாகச் சேர வரும் பெற்றோர் முன்னால் மாதிரி வகுப்பு நடத்தி ஆள் சேர்க்கவும் எதிர்பார்ப்பார்கள். அதை ரசிப்பவர்களும் இருக்கிறார்கள். நான் குறை சொல்லவில்லை.

பல்கலைக்கழக வேலையைப் பற்றி இரண்டு வகைக் கருத்துகள் உலவுகின்றன. வாரத்துக்கு 14 முதல் 18 மணி நேர வகுப்பு, நீண்ட விடுமுறை, அலுவலகத் தொல்லை இல்லை, இவ்வளவு இலகுவான வேலை உலகில் வேறில்லை என்பது ஒன்று. யாருக்கும் நான் என்ன கற்பிக்கிறேன் என்பதில் அக்கறையே இல்லை, மாணவர்கள் பின்வரிசையில் கைபேசி பார்க்கிறார்கள், மனம் வெறுத்துவிட்டது என்பது மற்றொன்று. இவை முரண்பட்டவை போலத் தோன்றினாலும் ஒரே உண்மையின் இரண்டு முகங்கள். ஆங்கிலத்தை முதன்மைப் பாடமாக எடுக்காத மாணவர்களுக்கு முன்னால் நிற்பது கல்லூரி ஆங்கிலத் தேர்வின் நான்காம் நிலையும் ஆறாம் நிலையும். 1987 முதல் நடந்துவரும் அந்தத் தேர்வில் கேட்டலும் வாசிப்பும் மொழிபெயர்ப்பும் எழுத்தும்தான் எல்லோருக்கும் பொது. பேச்சுத் தேர்வு விரும்பியவர்களுக்கு மட்டும். அதற்கு முன்பு அவர்கள் கடந்துவந்த கல்லூரி நுழைவுத் தேர்விலும், 750 மதிப்பெண்ணில் 150 ஆங்கிலத்துக்கு என்றாலும், அந்த மதிப்பெண் எழுத்துத் தாளில் பெறுவது. அயல்நாட்டு ஆசிரியருக்குக் கொடுக்கப்படுவதோ பெரும்பாலும் வாய்மொழி ஆங்கில வகுப்பு. தேர்வோடு பிணைக்கப்படாத வகுப்பு என்பதால்தான் அங்கே உங்களை யாரும் கண்காணிப்பதில்லை. அதனாலேயே யாரும் பொருட்படுத்துவதுமில்லை. இந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு தாமே ஒரு பாடத்திட்டத்தை உருவாக்கி மாணவர்களை விவாதிக்க வைப்பவருக்கு அது நல்ல வேலை. மேலிருந்து ஒருவர் நெறிப்படுத்த வேண்டும், தம் உழைப்பை அளந்து சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பவருக்கு அது வெறுமையாகவே இருக்கும். ஆகவே அந்த இரு கருத்துகளையும் படிக்கும்போது, நீங்கள் இவ்விரண்டில் எந்த வகை மனிதர் என்று யோசித்துப் பார்ப்பதே பயன் தரும்.

மாணவர்களின் மௌனத்தைப் பற்றிப் பலர் எழுதுகிறார்கள். அதை அறியாமை என்றும் அலட்சியம் என்றும் கூடச் சிலர் தீர்ப்பளித்துவிடுகிறார்கள். முப்பது நாற்பது பேர் முன்னால் தவறாகப் பேசிவிட்டால் மானம் போய்விடும் என்ற கூச்சமே அதன் பெரும்பகுதி. அவர்களை நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரித்துவிட்டால் அதே வகுப்பில் சத்தத்தை அடக்க வேண்டிய நிலை வரும். நிர்வாகத்தைப் பற்றிய குறைகளுக்கு இப்படி எளிய பரிகாரம் கிடையாது. கால அட்டவணை பருவம் தொடங்குவதற்குச் சில நாள் முன்புதான் வரும். அக்டோபர் முதல் வாரத் தேசிய விடுமுறைக்கு ஈடுகட்ட ஒரு சனிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ வகுப்பு வைக்கச் சொல்வார்கள். அதுவும் கடைசி நேரத்தில்தான் தெரியவரும். இதில் உங்களை மட்டும் தனியாக வஞ்சிக்கவில்லை. சீன ஆசிரியர்களுக்கும் அப்படித்தான். அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்பதே வேறுபாடு.

பல்கலைக்கழக வேலையைப் புகழும் கருத்துகளில் ஒரு வகையை மட்டும் நீங்கள் முழுமையாகக் கழித்துவிட வேண்டும். சம்பளம் குறைவுதான், ஆனால் வார இறுதியில் வெளியே வகுப்பெடுத்து இரட்டிப்பாகச் சம்பாதித்தேன் என்பவர்களின் கணக்கு அது. 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்த குடிபுகல், வெளியேற்றச் சட்டத்தின்படி, அனுமதியில் குறிக்கப்பட்ட எல்லைக்கு வெளியே வேலை செய்வதும் சட்டவிரோத வேலையே. அதற்கு 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம்; கடுமையான நிலையில் 5 முதல் 15 நாள் வரை காவலில் வைக்கவும் இடமுண்டு. பலர் மாட்டிக்கொள்ளாமல் இருந்திருக்கலாம். மாட்டிக்கொண்டவர் அதைப் பற்றி உற்சாகமாக எழுத மாட்டார் என்பதால், நீங்கள் படிக்கும் கருத்துகளில் தப்பியவர்களின் குரலே மிகுதியாக இருக்கும்.

மூன்றாவதாக, கடவுச்சீட்டும் தோற்றமும். சீனாவில் மொழி ஆசிரியராக வேலை அனுமதி பெறுவதற்கான விதி, தம் தாய்மொழியைக் கற்பிப்பவராகவும் அந்த மொழி பேசும் நாட்டிலேயே பட்டம் பெற்றவராகவும் இருக்க வேண்டும் என்கிறது. ஆங்கிலத்தைப் பொறுத்தவரை நடைமுறையில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் குடிமக்களையே அது குறிக்கிறது. இரண்டாண்டு அனுபவம் பொதுவாகத் தேவை; கல்வியியல் அல்லது மொழித் துறையில் பட்டமோ, ஏற்கப்பட்ட மொழி கற்பித்தல் சான்றிதழோ இருந்தால் அதில் விலக்கு உண்டு. ஆக, காகிதத்தில் உங்களுக்குத் தடையில்லை. உங்கள் பட்டத்தையும் காவல்துறைச் சான்றையும் தூதரகத்துக்கு அனுப்பி மாதக்கணக்கில் காத்திருந்த கதைகளும் இனிப் பழையவை. வெளிநாட்டு ஆவணச் சான்றுறுதியை எளிதாக்கும் அப்போஸ்டில் உடன்படிக்கை சீனாவில் 2023 நவம்பரிலும் கனடாவில் 2024 ஜனவரியிலும் நடைமுறைக்கு வந்துவிட்டது.

ஆனால் காகிதத்தில் இல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். விண்ணப்பத்தோடு ஒளிப்படம் கேட்கும் பழக்கம் அங்கே பரவலானது. குழந்தைகளுக்கான பயிற்சி நிலையங்கள் சில, பெற்றோரின் எதிர்பார்ப்பு என்று சொல்லி வெள்ளைத் தோல் உள்ளவர்களையே தேடுகின்றன. கருப்பு, பழுப்பு நிறத்தவர் எழுதிய கருத்துகளும் வெள்ளையர் எழுதிய கருத்துகளும் இந்த ஓரிடத்தில் இரண்டு வேறு நாடுகளைப் பற்றியவை போல இருக்கும். வெள்ளையரான ஒருவர், வேலை தேடுவது மிக எளிது, எல்லோரும் அன்பாக நடத்தினார்கள் என்று எழுதுவது அவர் அளவில் உண்மை. அது உங்களுக்குப் பொருந்தும் என்று உறுதி இல்லை. தெருவில் உங்களை இந்தியர் என்றே எடுத்துக்கொள்வார்கள். கனடா என்று சொன்னால், அதற்கு முன் எங்கிருந்து என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் பகை அரிதாகவே இருக்கும். ஆனால் தினமும் பதில் சொல்வது அலுப்பூட்டும். பல்கலைக்கழகங்களில் இந்த நிறப் பாகுபாடு குறைவு, மாணவர்களிடம் இன்னும் குறைவு என்பதே நான் கண்டது. உங்களைப் போன்ற தோற்றமும் பின்னணியும் கொண்ட ஒரே ஒருவரின் அனுபவம் கிடைத்தாலும், அதற்கு மற்ற இருபது பேரின் கருத்தைவிட அதிக மதிப்புக் கொடுங்கள்.

இவை மூன்றையும் கழித்த பிறகு எஞ்சுவதுதான் நகரம். அதைப் பற்றி மகிழ்ந்தவர்களும் நொந்தவர்களும் பெரும்பாலும் ஒரே விவரங்களையே சொல்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். 2020 கணக்கெடுப்பின்படி 2 கோடியே 9 லட்சம் மக்கள் வாழும் மாநகரம் அது. ஆனாலும் மதிய வேளையில் ‘மக்கள் பூங்கா’ என்ற பூங்காவின் தேநீர்க் கடைகளில் மூங்கில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, மஜோங் ஆடிக்கொண்டு, காது குடைந்துவிடுபவரிடம் காதைக் கொடுத்துவிட்டு இருப்பவர்களைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. பெய்ஜிங், ஷாங்காயிலிருந்து வருபவர்களுக்கு வாடகை குறைவாகத் தெரியும். அதிவேக ரயிலில் சோங்சிங்குக்குச் சுமார் ஒன்றேகால் மணி நேரம், சியானுக்கு நான்கு மணி நேரத்துக்குள்; மேற்கே சிறிது தூரத்திலேயே திபெத்திய மேட்டுநிலம் எழும்பத் தொடங்கிவிடுகிறது.

வானத்தைப் பற்றி மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மலைகள் சூழ்ந்த படுகையில் அமைந்திருப்பதால் ஆண்டில் சுமார் 1,000 மணி நேரமே வெயில் கிடைக்கிறது. சிச்சுவான் நாய் சூரியனைக் கண்டால் குரைக்கும் என்பது சீனர்களின் பழைய கேலி. குளிர்காலத்தில் அதே படுகைக்குள் புகைமாசும் தேங்கி நிற்கும். 2013க்குப் பிறகு நாடு தழுவிய நடவடிக்கைகளால் காற்று முன்பைவிடத் தெளிந்திருக்கிறது என்றாலும் டிசம்பர், ஜனவரியில் முகக்கவசம் தேவைப்படும் நாட்கள் இன்றும் உண்டு. ஆஸ்துமா இருப்பவர் எழுதிய கண்டனத்தை மிகை என்று தள்ளிவிடாதீர்கள். இன்னொன்று, கனடாவில் வளர்ந்த உங்களுக்கு இது விசித்திரமாகப்படும்: டொராண்டோவின் குளிரோடு ஒப்பிட்டால் செங்டுவின் 5 டிகிரி ஒன்றுமே இல்லை, ஆனால் சின்லிங் மலைத்தொடருக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் தெற்கே உள்ள ஊர்களுக்கு மையச் சூடேற்றும் வசதியை அரசு ஏற்படுத்தவில்லை. வகுப்பறையில் மேலங்கியோடு நின்று பாடம் நடத்துவீர்கள்; வீட்டுக்குள்ளும் விரல் விறைக்கும். வடசீனாவின் ஹார்பினில் இருந்தவர்கள் செங்டு வந்து குளிர்கிறது என்று சொல்வதன் காரணம் இதுவே.

உணவில் காரம் நமக்குப் பழக்கமானது என்ற தன்னம்பிக்கையோடு போகிற தமிழர்கள், நாக்கை மரத்துப்போக வைக்கும் சிச்சுவான் மிளகின் முன் முதல் வாரம் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்; பிறகு அது இல்லாமல் சாப்பிட முடியாதவர்களாக மாறுவதையும் பார்த்திருக்கிறேன். சைவ உணவுக்காரராக இருந்தால் கவனம் வேண்டும். செங்டுவில் பிறந்த மாபோ தோஃபு பெயரளவில் சோயாக் கட்டி என்றாலும் அதில் கொத்திறைச்சி சேரும். காய்கறிப் பொரியலிலும் பன்றிக் கொழுப்போ கோழிச் சாறோ இருக்கலாம். வென்ஷு மடாலயத்தில் உள்ளது போன்ற பௌத்த உணவகங்களில் மட்டுமே அந்தக் கவலை இல்லை. மொழியில், நீங்கள் பாடநூலில் படித்த சீனம் வகுப்பறையில் செல்லும். சந்தையில் சிச்சுவான் வழக்கு வேறு. நான்கும் பத்தும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்பதால், விலையை விரலால் காட்டச் சொல்லிக் கேட்பது பிழைக்கத் தெரிந்தவர் வழி.

இணையத் தடைகளை நீங்கள் அறிந்திருப்பீர்கள். கூகுள், யூடியூப், வாட்ஸ்அப், ஃபேஸ்புக் எவையும் நேரடியாகத் திறக்கா. தடையைத் தாண்ட உதவும் விபிஎன் மென்பொருள் மூலம் சமாளித்தேன் என்பவர்களின் உறுதிமொழியை அரைப் பங்காகக் குறைத்து வாசியுங்கள். அது சில வாரங்கள் ஓடும், சில வாரங்கள் ஓடாது. அம்மாவோடு பேசுவதற்கு வீசாட் என்ற சீனச் செய்திச் செயலியை அவர் கைபேசியில் இப்போதே நிறுவிவிடுங்கள். அரசியல் பதற்றத்தின் எடையையும் குறைக்க வேண்டாம். 2018 டிசம்பரில் இரண்டு கனடியர்கள் சீனாவில் கைது செய்யப்பட்டு 2021 செப்டம்பரில்தான் விடுவிக்கப்பட்டனர். ஆசிரியர்களின் அன்றாடத்தை அது பெரிதாகத் தொடவில்லை என்றாலும், வகுப்பில் எதைப் பேசக் கூடாது என்ற எச்சரிக்கை உணர்வு எல்லோரிடமும் இருந்தது. செங்டுவுக்கும் கனடியர்களுக்கும் இடையிலான உறவோ ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்டது. 1910இல் தொடங்கிய மேற்கு சீன ஒன்றியப் பல்கலைக்கழகத்தை உருவாக்கியதில் கனடிய மெதடிஸ்ட் கிறித்தவ சபையினருக்கு முக்கியப் பங்குண்டு. சீனாவின் நவீனப் பல் மருத்துவக் கல்விக்கு அங்கே அடித்தளமிட்ட ஆஷ்லி லிண்ட்சே ஒரு கனடியர்.

எழுதுபவரின் நிலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வந்து இரண்டு மாதத்தில் எழுதுபவர் புதுமையில் மயங்கியிருப்பார். வேலையை விட்ட வாரத்தில் எழுதுபவர் கோபத்தில் இருப்பார். சீனப் பெண்ணையோ ஆணையோ மணந்து அங்கேயே தங்கிவிட்டவர், விமர்சனம் செய்பவரைத் தகவமைத்துக்கொள்ளத் தெரியாதவர் என்று சொல்லிவிடுவார். ஆள் பிடிக்கும் முகவர்களும் பழைய ஆசிரியர் என்ற பெயரில் எழுதுவதுண்டு. சம்பளத்தை மட்டும் துல்லியமாகச் சொல்லி, நிறுவனம், ஆண்டு, வேலை நேரம் எதையும் சொல்லாத புகழுரையை அப்படித்தான் நான் வாசிப்பேன். ஒரு பாராட்டும் ஒரு குறையும் ஒரே ஆளிடமிருந்து, இடமும் காலமும் தெளிவாக வந்தால், அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இரண்டு வாய்ப்புகளுக்கு வருகிறேன். 18,000 யுவானுக்கும் 9,000 யுவானுக்கும் உள்ள தூரம் தோன்றும் அளவுக்கு இல்லை. பயிற்சி நிலையத்தில் சேர்ந்தால் வாடகைக்கு மட்டும் சுமார் 3,000 யுவான் போகும்; வேலை நேரமும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. என் பரிந்துரை பல்கலைக்கழகம். அதுவும் கோடை, குளிர்கால விடுமுறை மாதங்களுக்கும் சம்பளம் உண்டா என்று ஒப்பந்தத்தில் பார்த்த பிறகு. கல்விக் கடன் அழுத்துகிறது, பயிற்சி நிலையத்துக்கே போக வேண்டும் என்றால், அவர்களிடம் நிறுவனப் பதிவுச் சான்றின் நகலைக் கேளுங்கள். அதிலுள்ள 18 இலக்கப் பதிவு எண்ணை (ஒருங்கிணைந்த சமூக நம்பகக் குறியீடு என்பார்கள்) அரசின் நிறுவனத் தகவல் வெளியீட்டுத் தளத்தில் இட்டால், நிறுவனம் உயிரோடு இருக்கிறதா, எந்தத் தொழிலுக்குப் பதிவு செய்திருக்கிறது, தண்டிக்கப்பட்டிருக்கிறதா என்பது தெரியும். ஒப்பந்தத்திலும் வேலை அனுமதி விண்ணப்பத்திலும் நீங்கள் நிற்கப்போகும் வகுப்பறையிலும் ஒரே நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும். சர்ச்சை எழுந்தால் சீன மொழிப் பிரதியே செல்லும் என்று பெரும்பாலும் எழுதியிருப்பதால், அந்தப் பிரதியை நம்பகமான ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு இரண்டு மாதத்துக்கு மேல் தகுதிகாண் காலம் கேட்டால் தொழிலாளர் ஒப்பந்தச் சட்டத்தை அவர்கள் மதிக்கவில்லை என்று பொருள். எந்த நிலையிலும் வேலைக்கான இசட் விசா கைக்கு வராமல் விமானம் ஏறாதீர்கள். சுற்றுலா விசாவில் வாருங்கள், இங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவரோடு பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையப் பதிவு, 30 நாட்களுக்குள் வசிப்பு அனுமதி விண்ணப்பம் என்பவற்றை நிறுவனம் செய்து தரும், ஆனால் பொறுப்பு உங்களுடையது. சம்பளத்தில் பிடிக்கும் ஓய்வூதியப் பங்கான 8 சதவீதத்தை நாட்டைவிட்டு வெளியேறும்போது திரும்பப் பெற முடியும் என்பதைப் பலர் அறியாமலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

நீண்ட காலம் அங்கே கற்பிக்கும் எண்ணம் இருந்தால் மூன்றாவது பாதை ஒன்றும் உண்டு. ஒன்டாரியோவிலோ பிரிட்டிஷ் கொலம்பியாவிலோ ஆசிரியர் சான்றிதழ் பெற்றுவிட்டு, அந்த மாகாணங்களின் பாடத்திட்டத்தைச் சீனாவில் நடத்தும் பள்ளிகளுக்குப் போவது. சம்பளமும் மரியாதையும் வேறு தளத்தில் இருக்கும்.

உங்கள் அத்தை மகனைப் பொறுத்தவரை என் பதில் குறுகியது. இந்தியக் கடவுச்சீட்டும் இந்தியப் பட்டமும் கொண்டு ஆங்கில மொழி ஆசிரியராக முறையான வேலை அனுமதி பெறுவது மேற்சொன்ன விதியின்படி ஏறத்தாழ நடவாத காரியம். அவருடைய ஆங்கிலம் எவ்வளவு சிறந்தது என்பது அங்கே கணக்கில் வராது. முகவர் அவரை வணிக விசாவிலோ மாணவர் விசாவிலோ அனுப்பி மழலையர் பள்ளியில் நிறுத்தும் திட்டத்தில் இருக்கிறார் என்று கொள்ளலாம். பிடிபட்டால் அபராதமும் காவலும் வெளியேற்றமும் அவருக்கு. அதே சட்டம் வேலை வாங்கித் தந்தவருக்கும் ஆளுக்கு 5,000 யுவான் அபராதம் விதிக்கிறது என்றாலும் மதுரையில் உட்கார்ந்திருப்பவரை அது தொடாது. அவர் கணிதமோ இயற்பியலோ படித்து, பன்னாட்டுப் பாடத்திட்டத்தில் இரண்டாண்டுக்கு மேல் கற்பித்த அனுபவம் உள்ளவராக இருந்தால் கதை வேறு. அந்தப் பாடங்களுக்குத் தாய்மொழி விதி இல்லை. சீனாவின் பன்னாட்டுப் பள்ளிகளில் அத்தகைய இந்திய ஆசிரியர்கள் முறையான அனுமதியோடு வேலை செய்கிறார்கள். அப்படியானால் அவர் அந்தப் பள்ளிகளுக்கு நேரடியாக விண்ணப்பிக்கட்டும். முகவர் முன்பணம் கேட்டிருந்தால் கொடுக்க வேண்டாம் என்று இன்றே அவருக்குச் சொல்லிவிடுங்கள்.